வலது காதுக்கு மட்டும்

மாமனார் மருமகளின் சாப்பாட்டுப் பைக்குள் ஒரு பொட்டலத்தைத் திணித்ததையும், அதை மாமியார் சமையலறை வாசலில் நின்று பார்த்துவிட்டதையும் போன வாரம் பார்த்தோம். பார்த்தவள் ஏதாவது கேட்டாளா என்றால், இல்லை. குழாயைத் திறந்துவிட்டுத் தட்டுக் கழுவ ஆரம்பித்துவிட்டாள். அந்தம்மாள் கேள்வி கேட்டால் வீட்டில் யாருக்கும் பயமில்லை. கேட்காமல் இருந்தால்தான் பயம்.

மருமகள் பஸ் நிறுத்தத்துக்கு வந்து சேர்ந்து மூச்சு விடுவதற்குள் மாமனாரும் பின்னாலேயே வந்து நின்றார். கையில் குப்பைப் பை.

“பொட்டலத்தைப் பிரிச்சியா அம்மாடி?”

“இன்னும் இல்லை மாமா. என்ன அது?”

“உன் புருஷன் காலேஜ் படிக்கும்போது ஒரு பாட்டுப் பெட்டி வெச்சிருந்தானே. சட்டைப் பையில போட்டுக்கிட்டு, காதுல ஒயரோட திரிவானே. அது.”

“அது செத்துப் போய் எவ்வளவோ நாளாச்சுன்னு சொன்னாரே.”

“செத்ததை எழுப்பத்தான் உன்கிட்ட கொடுக்கிறேன். புது பேட்டரி, பாட்டு ஏத்துற பெரிய கார்டு, அந்தக் கார்டைச் சொருகுற அட்டை, எல்லாம் வாங்கி உள்ளேயே வெச்சிருக்கேன். கடைக்காரன் விவரமாச் சொன்னான். பாட்டுப் பதிஞ்சு உள்ளே சுத்துற பழைய தட்டைக் கழட்டிட்டா நிறைய இடம் மிச்சமாகுமாம். அந்த இடத்துல நல்லாக் கொழுத்த பேட்டரியா வைக்கலாமாம். ஒரு தடவை சார்ஜ் போட்டா ஒரு வாரம் தாங்கணும்.”

“ஒரு வாரமா? வீட்டுல கரண்ட் இருக்கே மாமா.”

“தாங்கணும் அம்மாடி.”

“எதுக்கு இவ்வளவு சிரமம்? உங்க போன்லயே பாட்டுப் போட்டுத் தரேன்.”

“போனெல்லாம் உள்ளே விட மாட்டாங்க.”

“எங்கே விட மாட்டாங்க?”

மாமனார் தெருமுனையைப் பார்த்தார். “உன் பஸ் வருது பாரு,” என்றார்.

வந்தது அவளுடைய பஸ் இல்லை. பஸ்ஸே இல்லை. தண்ணீர் லாரி.

“நாளைக்கு வேணும். இன்னிக்கே முடிச்சிரு. உங்க அத்தை காதுக்குப் போக வேண்டாம்,” என்று சொல்லிவிட்டு அவர் திரும்பி நடந்தார். வழியில் இருந்த குப்பைத் தொட்டியையும் தாண்டி, குப்பைப் பையோடு வீட்டுப் பக்கமே போனார்.

பொய் சொல்லத் தெரியாத மனுஷர். வேலை பார்த்த காலமெல்லாம் லிப்ட் மெக்கானிக். மேலே போவது, கீழே வருவது இரண்டைத் தவிர மூன்றாவது வழி அவருக்குத் தெரியாது. அவர் எதையோ மறைக்கிறார் என்றால், சின்ன விஷயமாக இருக்காது.

மருமகள் வேலை பார்ப்பது காது மெஷின் கடையில். பெயர்ப்பலகையில் நீளமாக வேறென்னவோ எழுதியிருக்கும்; வருகிறவர்கள் சொல்வது காது மெஷின் கடை என்றுதான். முன்னறையில் காதைச் சோதிப்பார்கள். பின்னறையில், பூதக்கண்ணாடி விளக்கு மாட்டிய மேசையில், மெஷின்களைக் கழற்றி மாட்டுவது இவள். வலது காது மெஷினில் சிவப்புப் பொட்டு, இடது காது மெஷினில் நீலப் பொட்டு. யாருடைய காது, எந்தப் பக்கம் என்று தெரியாமல் இவள் கை எதையும் மூடாது. மூடிப் பழக்கமில்லை.

மாமனாரின் இரண்டு காதிலும் இருப்பவை இவள் பொருத்தியவைதான். கொழுந்தனுக்கும் ஒன்று பொருத்துகிறேன் என்று கெஞ்சிப் பார்த்தாள். வீட்டில் அவனைச் சின்னவன் என்பார்கள். சின்ன வயதில் பொன்னுக்கு வீங்கி வந்து, இடது காது சுத்தமாகப் போய்விட்டது அவனுக்கு.

“வேண்டாம் அண்ணி. நம்ம வீட்டுப் பேச்சுல பாதிதான் எனக்குக் கேட்குது. அதுவே அதிகம்,” என்று சிரித்துக்கொண்டே நழுவிவிட்டான்.

அந்தச் சின்னவன்தான் மழைக்காலத்தில் கப்பல் வேலைக்குப் போனவன். போனதிலிருந்து ஒரு போன் இல்லை. ‘கம்பெனியிலிருந்து தகவல் வந்தது, நல்லா இருக்கானாம்’ என்று மாமனார்தான் அவ்வப்போது சொல்வார். சாப்பாட்டு மேசையில் இடது ஓரத்து நாற்காலி அவனுடையது. அங்கே உட்கார்ந்தால் எல்லோரும் அவனுக்கு வலது பக்கம் வந்துவிடுவார்கள். அதில் இன்னும் யாரும் உட்காருவதில்லை.

மத்தியானம் கடையில் கூட்டம் ஓய்ந்தது. மருமகள் பொட்டலத்தைப் பிரித்து, பாட்டுப் பெட்டியை விளக்கின் அடியில் வைத்தாள். முன்பக்கம் மங்கிப் போன வெள்ளை, நடுவில் விரலால் சுற்றுகிற வட்டம். பின்பக்கம் கீறல் விழுந்த எவர்சில்வர். மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை இடுக்கில் நுழைத்து ஓரமாக நகர்த்தினாள்.

போன் அடித்தது. மாமியார்.

“சாப்பிட்டியா?”

“இனிமேதான் அத்தை.”

“ஏன், பையில சாப்பாட்டுக்கு இடமில்லாம வேற ஏதாச்சும் இருக்கா?”

“கேட்கிறதை நேராக் கேளுங்க அத்தை.”

“நான் எதுக்குக் கேட்கணும்? எனக்கு என்ன தெரியும்? உங்க மாமா காலையில குப்பைப் பையைக் கூட்டிக்கிட்டுப் போய், பஸ் ஸ்டாப்புல காத்து வாங்க வெச்சு, பத்திரமாத் திருப்பிக் கூட்டிக்கிட்டு வந்திருக்காரு. அதைப் பத்தியெல்லாம் நான் கேட்டேனா?”

மருமகள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

“சிரி, சிரி. புதன்கிழமை ஆனா எங்கே போறாரு?”

“பழைய கூட்டாளியைப் பார்க்கப் போறதாத்தானே சொல்றாரு.”

“கூட்டாளியைப் பார்க்கப் போற ஆளு இஸ்திரி போட்ட சட்டை கேட்பானா? எங்க கல்யாணப் போட்டோவுலயே கசங்கின சட்டையோட நிக்கிற மனுஷன். போகும்போது பை நிறையப் பழமும் பிஸ்கட்டும். வரும்போது வெறும் பை. கண்ணு ரெண்டும் கோவைப்பழமா இருக்கு. கேட்டா தூசிங்கிறாரு. புதன்கிழமை மட்டும் அடிக்கிற தூசி.”

“நீங்க என்ன நினைக்கிறீங்க?”

“ஒரு பொம்பளை இருக்கா.”

“அத்தை, மாமாவுக்கு எழுபது ஆகப் போகுது.”

“அதனாலதான் மாட்டிக்கிட்டாரு. முப்பதுல இருந்தா ஒழுங்கா மறைக்கத் தெரிஞ்சிருக்கும்.” மாமியார் குரலைத் தணித்தாள். “பெரியவன் டிராயர்ல இருந்த பாட்டுப் பெட்டியைக் காணோம். உன் பையில அதானே இருக்கு?”

மருமகள் விளக்கின் அடியில் பாதி திறந்து கிடந்ததைப் பார்த்தாள். “நான்தான் கேட்டேன் அத்தை. பஸ்ல போகும்போது கேட்கலாம்னு.”

“ஓ. பஸ்ல கேட்க.”

“ஆமா.”

“ரெண்டு ஸ்டாப்புல இறங்குறவளுக்குப் பாட்டு. சரி, நீயும் அந்தப் பக்கம் சேர்ந்துட்டே.” போனை வைக்கப் போனவள் நிறுத்தினாள். “சின்னவன்கிட்டேருந்து ஏதாவது தகவல் வந்துச்சான்னு உங்க மாமாகிட்ட நீயே கேளு. நான் கேட்டா கடல்ல சிக்னல் இல்லைங்கிறாரு.”

பொய் சொன்ன வாய் மருமகளுக்குக் கசந்தது. இருந்தாலும் கை வேலையைப் பார்த்தது. மேல் மூடி கிளிப் கிளிப்பாக விட்டுக் கழன்றது. சட்டென்று தூக்கினால் உள்ளே இரு பாதியையும் இணைக்கிற காகிதம் போன்ற பட்டை கிழிந்துவிடும். புத்தகம் திறக்கிற மாதிரி பக்கவாட்டில் மெல்லத் திறந்தாள். பழைய பேட்டரி உப்பிப்போய்த் தட்டின்மேல் சாய்ந்து கிடந்தது.

பழைய தட்டிலிருந்து பாட்டுகளைக் கம்ப்யூட்டருக்கு மாற்றினாள். கடக் கடக்கென்று முனகிக்கொண்டே அது கடைசியாக ஒருமுறை சுற்றிக் கொடுத்தது. தட்டைக் கழற்றி வைத்தாள். தபால்தலை அளவு அட்டையில் கார்டைச் சொருகி அந்த இடத்தில் உட்கார வைத்தாள். மிச்சமான பள்ளத்தில் புது பேட்டரி அளவெடுத்த மாதிரி பொருந்தியது. எல்லாம் சரி. மூடலாம்.

கை மூட மறுத்தது. இது யாருடைய காதுக்கு?

மாமனாரைக் கூப்பிட்டாள்.

“மாமா, உங்க ரெண்டு காதுலயும் மெஷின் இருக்கு. பாட்டுக் கேட்கிற ஒயரை எங்கே மாட்டிக்கப் போறீங்க?”

அந்தப் பக்கம் அவர் தொண்டையைக் கனைத்தார். பிறகு, “மெஷினைக் கழட்டிட்டு மாட்டிக்குவேன்,” என்றார்.

“கழட்டிட்டா உங்களுக்குப் பக்கத்துல இடி விழுந்தாலும் கேட்காதே.”

“அம்மாடி, அந்த ஒயரைப் பத்திச் சொல்ல மறந்துட்டேன். நீளமா இருக்கக் கூடாது. ஒரு சாண். அதுக்கு மேல இருந்தா வாசல்லயே வாங்கி வெச்சுக்குவாங்க.”

“எந்த வாசல்ல?”

“அப்புறம், அழுமூஞ்சிப் பாட்டு ஒண்ணும் வேண்டாம். எல்லாத்தையும் எடுத்திரு.”

“மாமா, எந்த வாசல்ல?”

போன் துண்டானது.

மருமகள் சாய்ந்து உட்கார்ந்தாள். மாமியார் சொல்வது போலவே இருந்துவிட்டால்? ஒரு வாரத்துக்கு ஒருமுறை போகிற இடம். பழம், பிஸ்கட், இஸ்திரிச் சட்டை, பாட்டு. அடுக்கிப் பார்த்தால் அப்படித்தான் வருகிறது. ஆனால் ஒரு சாண் ஒயர் எந்தப் பெண்ணுக்கு? சட்டைக் காலரில் பெட்டியை மாட்டிக்கொண்டால்தான் அந்த ஒயர் காதுக்கே எட்டும்.

முன்னறைக்காரி டீயோடு வந்தாள். ஒல்லியாக, பேச்சில் நறுக்கென்று குத்துவதால் கடையில் அவளுக்கு ஊசி என்று பெயர்.

“என்ன இது, காதுக்குள்ள பாட்டுக் கச்சேரியே வைக்கப் போறியா?”

“வீட்டு வேலை. ஊசி, ஒயர் ஒரு சாணுக்கு மேல இருக்கக் கூடாதுன்னா எந்த இடமா இருக்கும்?”

ஊசி யோசிக்கவே இல்லை. “அந்த மதில் ஆஸ்பத்திரிதான்.”

“எது?”

“ஊருக்கு வெளியே, மதில் உயரமா இருக்குமே. மனசு சரியில்லாதவங்களை வெச்சுப் பார்ப்பாங்களே. போன வருஷம் அங்கேயிருந்து ஒரு பெரியவரோட மெஷின் ரிப்பேருக்கு வந்துச்சு. கீழே விழாம இருக்கக் கழுத்துல மாட்டுற கயித்தை வெட்டிட்டு அனுப்பியிருந்தாங்க. நல்ல கயித்தை எவன் வெட்டினான்னு நீதான் குதிச்சே. அப்புறம் நர்ஸம்மா போன்ல சொன்னாங்க, கயிறு, ஒயர், பெல்ட்டு எதையும் உள்ளே விடறதில்லைன்னு. நீ ஒரு நாள் முழுக்க மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு இருந்தியே.”

டீ மேசையில் ஆறத் தொடங்கியது.

கப்பலுக்குச் சின்னவனை வழியனுப்ப மாமனார் மட்டும்தான் போனார். மாமியார் தூங்கி எழுவதற்குள் இருவரும் கிளம்பிவிட்டார்கள். வருடக்கணக்கில் போகிறவன் கையில் ஒரே ஒரு சின்னப் பை. போவதற்கு முந்தைய நாட்களில் அவன் கட்டிலை விட்டு எழுந்திருக்கவே இல்லை. அதெல்லாம் அப்போது யாருக்கும் உறைக்கவில்லை.

“என்னடி, பேய் அறைஞ்ச மாதிரி இருக்கே?” என்றாள் ஊசி.

“ஒண்ணுமில்லை. கத்தரியை எடு.”

இடது காதுக்குப் போகிற ஒயரை அடியோடு வெட்டினாள். இரண்டு பக்கத்துச் சத்தமும் வலது பக்கமே வருகிற மாதிரி உள்ளே சேர்த்துப் பற்றவைத்தாள். ஒரே காது, ஒரே ஒயர், ஒரு சாண். சத்தம் எவ்வளவு கூட்டினாலும் நல்ல காதைக் கெடுக்காதபடி மேல் எல்லை வைத்தாள். அழுமூஞ்சிப் பாட்டுகளை எடுக்கப் போனால், கணவர் காலேஜில் சேர்த்ததில் முக்கால்வாசி காலியானது. அந்த வயதில் அந்த மனுஷனுக்கு அப்படி என்ன துக்கமோ. வேலையாக வெளியூர் போயிருக்கிறவர் திரும்பட்டும், கேட்டுக்கொள்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, தன் போனிலிருந்த பாட்டுகளைக் கொண்டு இடத்தை நிரப்பினாள்.

கடைசியில், யோசிக்காமலேயே, கை தானாக ஒரு சிவப்புப் பொட்டை எடுத்து ஒயர் நுனியில் ஒட்டியது.

என் கணக்கு தப்பாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள். தப்பாக இருந்தால் மாமனார், ‘இதென்ன ஒத்தைக் காது’ என்று கேட்பார். கேட்க வேண்டும். கேட்டுவிட்டால் வேறொரு ஒயரை ஐந்து நிமிஷத்தில் மாட்டிக் கொடுத்துவிடலாம்.

சாயங்காலம் பஸ் நிறுத்தத்து பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பிஸ்கட் பை. அவள் பாட்டுப் பெட்டியை அவர் கையில் வைத்தாள்.

வட்டத்தை விரலால் சுற்றினார். திரையில் வெளிச்சம் வந்தது. “அட, முழிச்சுக்கிச்சே,” என்றார். பிறகு ஒயரைத் தூக்கிப் பார்த்தார். அதன் நுனியைப் பார்த்தார். பெருவிரல் சிவப்புப் பொட்டின்மேல் போய் நின்றது.

“இன்னொரு காது எங்கேன்னு கேளுங்க மாமா.”

அவர் ஒயரை விரலில் சுற்றிக்கொண்டார்.

“கேளுங்க மாமா.”

“வேண்டாம் அம்மாடி. சரியாத்தான் பண்ணியிருக்கே.”

ஒரு பஸ் வந்து, ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. மருமகள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அப்போ கப்பல்?”

“கப்பலே இல்லை.”

“எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“யார்கிட்டேயும் சொல்லக் கூடாதுங்கிற பேச்சுலதான் அவன் என்கூட வந்தான். எங்கேயாவது கூட்டிக்கிட்டுப் போய்ச் சரி பண்ணுப்பா, வீட்டுக்குத் தெரிய வேண்டாம்னான். வாயில முதல்ல வந்தது கப்பல்.”

“இப்போ எப்படி இருக்காரு?”

“சாப்பிடுறான். வந்த புதுசுல அதுவுமில்லை. நான் பேசுவேன், அவன் சுவத்தைப் பார்ப்பான். போன வாரம் கிளம்பும்போது அவனாக் கூப்பிட்டு, பாட்டுக் கேட்கணும் போல இருக்குப்பான்னான்.” மாமனார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தூசியென்று சொல்லவில்லை. “அதைப் போய் டாக்டரம்மாகிட்ட சொன்னேன். நாற்காலியை விட்டே எழுந்துட்டாங்க. அவரா கேட்டாரா, அவரா கேட்டாரான்னு திருப்பித் திருப்பிக் கேட்டாங்க. இத்தனை நாள்ல அவன் எதையும் வேணும்னு கேட்டதில்லை.”

“அத்தைகிட்ட சொல்லிடலாம் மாமா. அவங்க வேற என்னென்னவோ நினைச்சுக்கிட்டு இருக்காங்க.”

“என்ன நினைக்கிறா?”

“அதை விடுங்க.”

“சொல்ல முடியாது அம்மாடி. அவன் கேட்டது ரெண்டு. ஒண்ணு பாட்டு. இன்னொண்ணு முதல் நாளே கேட்டது. அம்மா இங்கே வரக் கூடாது. வந்தா மறுபடியும் சாப்பாட்டை நிறுத்திடுவேன்னுட்டான்.”

“ஏன்?”

“அவன் கட்டில்ல கிடந்தப்போ இவ போய் நின்னு பேசினாளே, உனக்கு ஞாபகம் இருக்கா?”

மருமகளுக்கு ஞாபகம் இருந்தது. ‘நடிக்காதேடா. ஒரு காதுதான் போச்சு, மத்ததெல்லாம் நல்லாத்தானே இருக்கு. சோம்பேறிக்கு வியாதி ஒரு சாக்கு.’ சொல்லிவிட்டு மாமியார் வெளியே வந்து, சமையலறையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள்.

“அவன் வலது காது தலையணையில அழுந்தியிருக்கு, கேட்காதுன்னு நினைச்சுத்தான் சொன்னா. கோபத்தைக் கொட்டணும், அவனுக்கும் கேட்கக் கூடாது. அவ குணம் அது. அவன் புரண்டு படுத்திருக்கான். இவ கவனிக்கலை.”

“எல்லாம் கேட்டுடுச்சா?”

“ஒரு வார்த்தை விடாம.”

இருவரும் எழுந்தார்கள். நடக்கும்போது மாமனார், “உன் வாயிலேருந்து வராதுதானே?” என்றார்.

“வராது மாமா.”

வீட்டில் மாமியார் கூடத்து மேசையில் போர்வையை மடித்து விரித்து, இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கிக்கொண்டிருந்தாள். செவ்வாய்க்கிழமை சாயங்கால வேலை. மாமனார் காது மெஷின்கள் இரண்டையும் கழற்றி, சாப்பாட்டு மேசையில் அவற்றுக்கென்று இருக்கிற கிண்ணத்தில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனார். பாட்டுப் பெட்டியைக் கதவுக்குப் பின்னால் தொங்கிய நாளைய சட்டையின் பையில் ஒளித்துவிட்டுத்தான் போனார். அந்தச் சட்டைக்குத்தான் இஸ்திரி என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

மருமகள் கை கழுவிவிட்டு வந்தபோது மாமியாரின் உள்ளங்கையில் அது இருந்தது.

“இந்தா, நீ பஸ்ல கேட்கிற பாட்டுப் பெட்டி. உங்க மாமா சட்டைப் பையில எப்படி ஏறி உட்கார்ந்துச்சு?”

“அது வந்து அத்தை...”

“வராது. உனக்கும் பொய் வராது. அவரோட சேர்ந்து கெட்டதுதான் மிச்சம்.” மாமியார் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “எவ்வளவு சின்ன ஒயரு. கஞ்சத்தனமா? இதை மாட்டிக்கணும்னா குனிஞ்சுக்கிட்டே இருக்கணும் போலிருக்கே. அட, இது ஒத்தைக் காதுல்ல?”

மருமகள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

“இன்னொரு காது எங்கேடி? அந்த மகராசிக்கு ஒரு காதுதானா? ரெண்டும் உள்ள ஒருத்தி கிடைக்கலையாமா இந்த மனுஷனுக்கு?” சொன்ன நகைச்சுவை அவளுக்கே பிடித்துப்போய்ச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே நுனியை விளக்குப் பக்கம் தூக்கிப் பிடித்தாள். “பொட்டு வேற வெச்சு அனுப்பியிருக்கே. சிவப்பு. சிவப்புன்னா வலதுதானே? தினமும் நான்தானே அவருக்கு எடுத்துக் கொடுக்கிறேன். அப்போ இடது காது...”

சிரிப்பு பாதியில் நின்றது.

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். நிதானமாக, மருமகளைப் பார்க்காமல், பாட்டுப் பெட்டியைக் கழுத்தோரம் பிடித்து அந்த ஒற்றை நுனியை வலது காதில் வைத்துக்கொண்டாள். விரல் வட்டத்தைத் தடவியது. எங்கேயோ பட்டுப் பாட்டு ஆரம்பித்திருக்க வேண்டும். அவள் கண் சாப்பாட்டு மேசையின் இடது ஓரத்து நாற்காலிக்குப் போனது. போனது திரும்பவில்லை.

“நல்லாக் கேட்குது,” என்றாள், காதில் பாட்டு ஓடுகிறவர்கள் பேசுகிற மாதிரி உரக்க.

பிறகு அதைக் கழற்றி, ஒயரை ஒரு சுற்றுச் சுற்றி, சட்டைப் பையிலேயே வைத்தாள். பையின் பித்தானைப் போட்டாள். அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டுச் சட்டை முழுவதும் இஸ்திரி போட்டு, தொங்கவிட்டாள்.

உள்ளே போனாள். வெளியே போகும்போது மட்டும் உடுத்துகிற தன் உடுப்பை எடுத்துக்கொண்டு வந்து போர்வைமேல் விரித்தாள்.

“அத்தை?”

“நாளைக்குப் புதன்கிழமைதானே?”

“அத்தை, நான் சொல்றதை...”

“எந்த இடம்னு நீ சொல்ல வேண்டாம். ஒரு சாண் ஒயரு, ஒத்தைக் காது. போன வருஷம் மதில் ஆஸ்பத்திரியில மெஷின் கயித்தை வெட்டிட்டாங்கன்னு நீ வந்து குதிச்சது எனக்கு மறக்கலை. எனக்கு அவ்வளவு மூளை இருக்கு. பஸ்ல போயிட்டு பஸ்ல திரும்புற தூரத்துல கப்பல் ஓடாதுன்னும் தெரியும்.”

“எப்போலேருந்து தெரியும் உங்களுக்கு?”

“இப்பதான் தெரிஞ்சுது.” இஸ்திரிப் பெட்டியைத் துணிமேல் அழுத்தினாள். “பொம்பளையா இருக்கணும்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். ஒவ்வொரு புதன்கிழமையும், கண்ணு செவந்து வரும்போதெல்லாம், பொம்பளையாவே இருந்துட்டுப் போகட்டும்னு நினைச்சேன்.”

குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது.

மாமியார் இஸ்திரிப் பெட்டியை நிறுத்தவில்லை. ஒரே மடிப்பின்மேல் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது.

“ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லு. என்னைப் பத்திக் கேட்டானாமா?”

மருமகள் குளியலறைக் கதவைப் பார்த்தாள். பஸ் நிறுத்தத்தில் கொடுத்த வாக்கு ஒருபக்கம் இருக்கட்டும். ‘ஆமாம், கேட்டார்’ என்று ஒரு பொய் சொன்னால் நாளைக்கு இந்தம்மாள் அந்த மதில் வாசலில் போய் நிற்பாள். உள்ளே ஒருவன் தட்டைத் தள்ளி வைப்பான். உண்மையைச் சொன்னால் இஸ்திரிப் பெட்டி இந்தக் கையில் நிற்காது.

தாழ்ப்பாள் திறந்தது. மாமனார் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார். மனைவியின் உடுப்பு மேசைமேல் விரிந்து கிடப்பதைப் பார்த்தார். ஒன்றும் புரியாமல் இருவரையும் பார்த்துச் சிரித்தார்.

“என்ன, ரெண்டு பேரும் ரொம்ப நேரமாப் பேசிட்டு இருக்கீங்க?” என்றார் சத்தமாக.

மாமியார் திரும்பவே இல்லை. “அவர் காதுல மெஷின் இல்லை. ஒண்ணும் கேட்காது. நீ சொல்லு,” என்றாள்.

மாமனார் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, மெஷின் கிண்ணத்தை நோக்கி நடந்தார். முதலில் அவர் மாட்டுவது எப்போதும் சிவப்புப் பொட்டைத்தான்.